ஜெட் ட்ரெய்னர் எஞ்சின் அடம்புடிச்சா: ஊசி காட்டுறத வெச்சு என்ன கோளாறுன்னு புடிக்கிறது எப்படி

ஜெட் ட்ரெய்னர்னா பைலட்டுங்க பழகுற ஜெட் விமானம். அதோட எஞ்சின்ல என்ன பிரச்சனை வந்தாலும் சரி, மொதல்ல ஒரு கேஜை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற பழக்கத்த விட்டுடுங்க. ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்), ஈஜிடி (எஞ்சின் வெளிய விடுற புகையோட சூடு) ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும், ஏன்னா ஒரு ஊசி மட்டும் சொல்றது கேஜோட கோளாறாவும் இருக்கலாம், ரெண்டு ஊசியும் சேர்ந்து ஒரே கதைய சொன்னா அது எஞ்சின் சொல்றதுதான். நான் லைன்ல எஞ்சின் ஃபிட்டரா இருந்த காலத்துல புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்குடுப்பேன்.

அந்த ஜோடிய இப்படி மனசுல வெச்சுக்கோங்க. ரெண்டும் ஒண்ணா ஏறுதா, நல்லாருக்கு. ஆர்பிஎம் விழுது இல்ல ஏறாம நிக்குது, ஆனா ஈஜிடி ஏறுது, அப்போ நெருப்பு இருக்கு காத்து பத்தல, ஸ்டாலோ ஹங் ஸ்டார்ட்டோ அந்த வகை, ரெண்டையும் பின்னால சொல்றேன். ரெண்டும் சேர்ந்து விழுது, நெருப்பே அணைஞ்சு போச்சு, ஃப்ளேம் அவுட். ஆர்பிஎம் அசையாம நிக்குது, ஃப்யூயல் ஃப்ளோவும் அப்படியே இருக்கு, ஈஜிடி மட்டும் திடீர்னு பூஜ்யம், அது பெரும்பாலும் கேஜோ வயரோதான். அதே மாதிரி ஆர்பிஎம் மட்டும் படக்குனு பூஜ்யத்துக்கு போயி மத்தது எல்லாம் ஒழுங்கா இருந்து, விமானமும் அதே தள்ளலோட போயிட்டிருந்தா, ஆர்பிஎம் ஊசிக்கு சிக்னல் குடுக்கிற டாக்கோ ஜெனரேட்டரோட ஷாஃப்ட் உடைஞ்சிருக்கும், நல்லா ஓடுற எஞ்சினை அணைச்சிடாதீங்க.

பேர் குழப்பம் வேண்டாம். அமெரிக்க விமானத்துல ஈஜிடின்னு எழுதியிருக்கும், நம்ம கிரண் ட்ரெய்னர் மாதிரி பிரிட்டிஷ் எஞ்சின் வெச்சதுல ஜேபிடின்னு சொல்வாங்க, பிரிட்டிஷ் ட்ரெய்னர் ஹாக்ல டிஜிடி. அளக்கிற இடம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதனால நம்பர் மாறும், ஆனா படிக்கிற விதம் ஒண்ணுதான். இன்னொண்ணு, இங்க நான் எழுதுறது புரிஞ்சுக்கிறதுக்கு. உங்க விமானத்தோட மேனுவல்ல மனப்பாடம் பண்ணச் சொல்லி போட்டிருக்கிற எமர்ஜென்சி ஸ்டெப் எதுவோ அதுதான் முதல்ல, லிமிட் நம்பரும் அங்க இருக்கிறதுதான்.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கியாச்சு, சுத்தவே இல்ல

இது எல்லாத்துலயும் சாதுவான கோளாறு, இன்னும் எரிபொருளே உள்ள போகல, அதனால பதட்டமே வேண்டாம். எஞ்சினை எது சுத்த வைக்குதுன்னு மட்டும் யோசிங்க. அமெரிக்க ட்ரெய்னர் டி-37ல கரன்ட் மோட்டார், டி-38ல வெளிய நிக்கிற ஏர் கார்ட் காத்து, செக் நாட்டு எல்-39லயும் ஹாக்லயும் உள்ளயே ஒரு குட்டி டர்பைன் இருந்து அதோட காத்துல பெரிய எஞ்சின் சுத்தும். காத்துல ஸ்டார்ட் ஆகுறதுன்னா ஹோஸ் மடங்கியிருக்கா, கப்ளிங் சரியா உட்கார்ந்திருக்கா, காத்தை எந்த எஞ்சினுக்கு அனுப்பணுமோ அந்தப் பக்கம் வால்வு திரும்பியிருக்கான்னு பார்க்கணும். கரன்ட்ல ஸ்டார்ட் ஆகுறதுன்னா வோல்ட்மீட்டரைப் பாருங்க, பட்டனை அமுக்கின உடனே வோல்டேஜ் நல்லா விழுந்தா மோட்டார் இழுக்குது ஆனா பேட்டரிக்கு சக்தி இல்ல, கொஞ்சம் கூட விழலைன்னா கரன்ட் மோட்டாருக்கு போகவே இல்ல.

கரன்ட் ஸ்டார்ட்டரை திரும்பத் திரும்ப அமுக்காதீங்க, சூடு ஏறி உள்ள சுத்தியிருக்கிற கம்பி எரிஞ்சிடும். எத்தன தடவை, நடுவுல எவ்வளவு நேரம் ஆற விடணும்னு மேனுவல்ல போட்டிருக்கிறத நேரம் பார்த்து செய்யணும், மனசுல எண்ணுறது எப்பவும் வேகமா போயிடும்.

ரெண்டு ஷாஃப்ட் எஞ்சின்ல ஒரு தனி விஷயம் இருக்கு. ஸ்டார்ட்டர் சுத்துறது ஹை ப்ரெஷர் ஷாஃப்டை மட்டும்தான், முன்னாடி இருக்கிற ஃபேன் அந்தக் காத்தோட இழுப்புல பின்னாலயே மெதுவா சுத்த ஆரம்பிக்கணும். உள்ள இருக்கிறது ஏறிட்டே போகுது, ஃபேன் ஊசி அசையவே இல்லைன்னா ஸ்டார்ட்டை நிறுத்திடுங்க. ஃபேன் எங்கயோ மாட்டியிருக்கு, பனி புடிச்சிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், இன்டேக், அதான் காத்து உள்ள போற வாய், அதோட கவர் கயிறு சிக்கியிருந்ததையும் நான் பார்த்திருக்கேன்.

சுத்துது, த்ராட்டில் ஐடிலுக்கு வெச்சாச்சு, ஈஜிடி எழும்பவே மாட்டேங்குது

த்ராட்டில்னா எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடி, ஐடில்னா எஞ்சின் தானா ஓடுற குறைஞ்ச வேகம். இங்க எரிபொருள் போகுது, தீப்பொறி இல்ல, அல்லது தீப்பொறி இருக்கு, எரிபொருள் போகல. ஃப்யூயல் ஃப்ளோ ஊசிதான் இதுல சாட்சி. ஃப்ளோ காட்டுது, ஈஜிடி இல்லைன்னா இக்னிஷன் பக்கம். நிறைய எஞ்சின்ல இக்னைட்டர் டிக் டிக்னு அடிக்கிறது பக்கத்துல நிக்கிற கிரௌண்ட் க்ரூவுக்கு கேக்கும், அவங்ககிட்ட கை ஜாடைல கேளுங்க. டி-38ல ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா இக்னிஷன் சுமார் 30 செகண்டுதான் இருக்கும், டைமர் முடிஞ்சிடுச்சுன்னா நீங்க த்ராட்டிலை வெச்சு என்ன பிரயோஜனம், வெறும் எரிபொருள்தான் உள்ள கொட்டும். பட்டனை சீக்கிரமே அமுக்கிட்டு ஆர்பிஎம் ஏற காத்துட்டே இருந்தவங்களுக்கு இது நடக்கும்.

செய்ய வேண்டியது: த்ராட்டில் கட்ஆஃப், அதாவது எரிபொருளை முழுசா மூடுறது. அதுக்கப்புறம் ஒரு தப்பு நிறைய பேர் பண்றாங்க, ஐயோ எரியலையேன்னு கட்ஆஃப் பண்ண அதே மூச்சுல திரும்ப ஐடிலுக்கு தள்ளுறது. செய்யவே கூடாது. உள்ள ஏற்கனவே எரிபொருள் குளம் கட்டி நிக்குது, இப்போ தீ புடிச்சா அத்தனையும் சேர்ந்து எரியும், பின்னால புகை வெளிய போற ஜெட் பைப் வழியா நாக்கு நீட்டிட்டு வெளிய வரும். எரிபொருள் இல்லாம, இக்னிஷன் இல்லாம எஞ்சினை கொஞ்ச நேரம் வெறுமனே சுத்த விட்டு காத்தால துடைச்சு விடணும், கீழ ட்ரெய்ன்ல சொட்டுறது நின்னிருக்கான்னு க்ரூ பார்த்து சொல்லணும், அப்புறம்தான் ரெண்டாவது முயற்சி. இப்படி எரியாம எரிபொருள் தேங்குறதைத்தான் வெட் ஸ்டார்ட்னு சொல்வாங்க.

ஈஜிடி சர்ருனு ஏறுது

ஹாட் ஸ்டார்ட். இதைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா எஞ்சின் பாழாகுறது ஆகாசத்துல விட தரையில ஸ்டார்ட் பண்றப்பதான் அதிகம்னு நான் நம்புறேன், அதுவும் அந்த அரை நிமிஷத்துக்குள்ள.

எரியுற அறைக்குள்ள ஜ்வாலையோட நடுப்பகுதி 2000 டிகிரி பக்கம் போகும், சுத்தி இருக்கிற நிக்கல் கலவை உலோகம் அந்த சூட்டுல உருகிடும். ஆனா உருகுறது இல்ல, காரணம் முன்னால இருந்து காத்தை அழுத்தி உள்ள தள்ளுற கம்ப்ரசர் அனுப்புற காத்துல ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான் எரியுறதுக்கு போகுது, மீதி எல்லாம் சுவரை ஒட்டி ஓடியும் பின்னால கலந்தும் சூட்டை இறக்கி டர்பைன் தாங்குற அளவுக்கு கொண்டு வருது. ஸ்டார்ட் பண்றப்ப கம்ப்ரசர் மெதுவா சுத்துது, அந்த ஆத்துற காத்து பத்தாது. அதனாலதான் இத்தன சதவீதம் ஆர்பிஎம் வந்த பிறகு த்ராட்டிலை வைன்னு ஒரு நம்பர் குடுத்திருக்காங்க. டி-38ல இருக்கிற ஜே85 எஞ்சினுக்கு அது 14 சதவீதம் பக்கம். அதுக்கு முன்னாடி த்ராட்டிலை வெச்சா எரிபொருள் அதே அளவு, காத்து மட்டும் கம்மி, சூடு எங்க போகும், டர்பைன் பிளேடு மேலதான் போகும்.

த்ராட்டில் அவசரம் தவிர வேற காரணமும் உண்டு. பேட்டரி வண்டி சக்தி கம்மி, ஏர் கார்ட் ப்ரெஷர் கம்மி, முந்தின வெட் ஸ்டார்ட்ல மிச்சம் நின்ன எரிபொருள், கம்ப்ரசர் பிளேடு அழுக்கு புடிச்சிருக்கிறது. அப்புறம் பின்காத்து. ஜெட் பைப்புக்குள்ள நேரா காத்தடிச்சா புகை வெளிய போக முடியாம திணறும், சில நேரம் நிக்கிற எஞ்சினோட டர்பைன் ரிவர்ஸ்ல சுத்திட்டிருக்கும், ஸ்டார்ட்டர் அதை முதல்ல நிறுத்திட்டு அப்புறம் முன்னாடி சுத்தணும். மூக்கை காத்துக்கு நேரா வெச்சு நிறுத்துறது அழகுக்கு இல்ல.

ஒரு சாயங்காலம் நடந்தது இன்னும் கண்ணுலயே இருக்கு. விமானம் காத்துக்கு முதுகு காட்டி நின்னுது, பேட்டரி வண்டியும் அன்னிக்கு நாலஞ்சு ஸ்டார்ட் குடுத்து களைச்சுப் போனது, உள்ள உட்கார்ந்திருந்த தம்பி நல்லா படிக்கிற பையன், ஈஜிடி ஊசி சிவப்பு கோட்ட நோக்கி ஓடுறத பார்த்துட்டான், ஆனா இது நெசமா இல்ல கேஜ் கோளாறான்னு ஒரு ரெண்டு மூணு செகண்ட் யோசிச்சிட்டான். அவ்வளவுதான். அந்த எஞ்சினை இறக்கி டர்பைன் பக்கம் பிரிச்சு பார்த்தப்ப முன்னால நிக்கிற வழிகாட்டி பிளேடுல விரிசல், ஓரமெல்லாம் எரிஞ்சு வளைஞ்சிருந்துச்சு. அவனை நான் குத்தம் சொல்லல, விமானத்தை அப்படி நிறுத்த விட்டதும் நாங்கதான், அந்த பேட்டரிய அனுப்பினதும் நாங்கதான். ஆனா ஸ்டார்ட்ல மட்டும், ஆமா மேல சொன்ன ஜோடி விதிக்கு இது ஒரு விலக்கு, ஈஜிடி ஒத்த ஊசியா ஓடினாலும் முதல்ல த்ராட்டிலை மூடுங்க. கேஜ்தான் தப்புன்னு அப்புறம் தெரிஞ்சா நஷ்டம் அஞ்சு நிமிஷம்.

லிமிட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஜே85ல 845 டிகிரின்னா 845க்கு வந்த பிறகு கைய நகர்த்தினா ஊசி அதைத் தாண்டிதான் நிக்கும். ஏறுற வேகத்தைப் பாருங்க, வழக்கமா ஏறுறதை விட வேகமா ஏறி, ஆர்பிஎம் கூடவே ஏறலைன்னா அப்பவே மூடிடுங்க. மூடின பிறகு ஸ்டார்ட்டரை நிறுத்தாம எஞ்சினை சுத்த விட்டுட்டே இருங்க, உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளணும். உச்சத்துல எவ்வளவு காட்டுச்சு, எத்தன செகண்ட் மேல நின்னுச்சு, இந்த ரெண்டையும் அப்பவே எழுதிக்கோங்க, ஏன்னா எஞ்சினுக்கு வெறும் பரிசோதனை போதுமா இல்ல இறக்கணுமான்னு முடிவு பண்றது இந்த ரெண்டு நம்பர்தான். திரும்ப ஒரு தடவை முயற்சி பண்ணிப் பார்ப்போம்ங்கிற பேச்சே கிடையாது.

எரிஞ்சிடுச்சு, ஆனா ஆர்பிஎம் நடுவுலயே நின்னு போச்சு

ஹங் ஸ்டார்ட். ஜே85 ஐடில் 46லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள வந்து நிக்கணும், இது 30 பக்கமே சோம்பலா நிக்கும், ஈஜிடி மட்டும் மெதுவா ஏறிக்கிட்டே இருக்கும். ஹாட் ஸ்டார்ட் மாதிரி பயமுறுத்தாது, அதனாலதான் ஆபத்து, ஆளை உட்கார வெச்சு பேசிட்டே எரிச்சிடும்.

இங்க கை தானா போற இடம் த்ராட்டிலை முன்னாடி தள்ளுறது, கொஞ்சம் எரிபொருள் குடுத்தா ஏறிடும்னு தோணும். ஏறாது. காத்து பத்தாமதான் அது நிக்குது, அதுமேல எரிபொருளையும் கொட்டினா சூடு மட்டும்தான் ஏறும், சூடு ஏறினா கம்ப்ரசர் இன்னும் மூச்சு முட்டும். கட்ஆஃப், ஆற விடு, காரணத்தைத் தேடு. ஸ்டார்ட்டர் சீக்கிரமே கழண்டுக்கிச்சா, ஏர் ப்ரெஷர் பாதிலயே விழுந்துச்சா, ஃப்யூயல் கன்ட்ரோல் ஏறுமுகத்துல கம்மியா குடுக்குதா. வெயில் கொளுத்துற நாள்லயும் உயரமான ஏர்ஃபீல்டுலயும் காத்து லேசா இருக்கும், அங்க இது சாதாரணமாவே அடிக்கடி வரும்.

அணைச்ச பிறகும் ஜெட் பைப்ல புகை வருது, ஈஜிடி இறங்க மாட்டேங்குது

உள்ள தேங்கின எரிபொருளோ ஆயிலோ எரியுது. த்ராட்டில் மூடியிருக்கான்னு உறுதி பண்ணிக்கிட்டு எஞ்சினை சுத்த விடுங்க, முக்காவாசி நேரம் காத்தே ஊதி அணைச்சிடும். காக்பிட்ல ஃபயர் லைட் எரியாது, ஏன்னா அந்த சென்சர் எஞ்சினுக்கு வெளிய இருக்கு, நெருப்பு இருக்கிறது குழாய்க்குள்ள. அதனால இதைப் பார்த்து சொல்றது வெளிய நிக்கிற ஆள்தான், அவர் ஜாடைய மறுபேச்சு இல்லாம நம்புங்க. பவுடர் தீயணைப்பானை இன்டேக்ல அடிக்கிறது கடைசி வழி, அடிச்சா எஞ்சின் போனது போனதுதான், ஆனா நெருப்பு அணையாம பரவுதுன்னா எஞ்சினை நினைச்சு தயங்கவும் கூடாது.

த்ராட்டில் தள்ளினேன், எஞ்சின் வரவே இல்ல

கோளாறுன்னு எழுதுறதுக்கு முன்னாடி அது அந்த எஞ்சினோட குணமான்னு பாருங்க. டி-37ல இருக்கிற ஜே69, பிரெஞ்சு மார்போரே எஞ்சினோட அமெரிக்க வடிவம், ஐடில்லேர்ந்து முழு பவருக்கு வர ரொம்ப நேரம் எடுத்துக்கும். 1954ல முதல்ல பறந்த அந்த விமானத்துக்கு அதுக்காகவே புகை வெளிய வர்ற இடத்துல தள்ளலைக் குறைக்கிற தட்டு வெச்சாங்க, லேண்டிங்குக்கு வர்றப்ப எஞ்சினை ஓரளவு நல்ல ஆர்பிஎம்லயே வெச்சிருக்கலாம், தட்டு தள்ளலை அடக்கும், திரும்ப மேல போகணும்னா தட்டு உள்ள போயிடும், எஞ்சின் ஏற்கனவே ஓடிட்டிருக்கிறதால பவர் உடனே கிடைக்கும். உங்க ட்ரெய்னர்ல அந்த தட்டு இல்லைன்னா பாடம் என்னன்னா ஃபைனல்ல, அதான் ரன்வேக்கு நேரா இறங்கி வர்ற கடைசி கட்டத்துல, த்ராட்டிலை ஐடில்ல போட்டுட்டு வராதீங்க.

குணம் இல்ல, முன்னாடி நல்லா வந்தது இப்போ வரலைன்னா ரெண்டு எஞ்சினையும் ஒண்ணா தள்ளிப் பாருங்க, ஒத்தை எஞ்சின்னா முந்தைய ரன்-அப்ல எழுதின நேரத்தோட ஒப்பிடுங்க. தள்ளுறப்ப ஈஜிடி அதிகமா ஏறி ஆர்பிஎம் மெதுவா வந்தா காத்து வழி கோளாறு. ஈஜிடியும் ஏறல ஆர்பிஎம்மும் ஏறலைன்னா எரிபொருள் வழி.

டம்முனு ஒரு சத்தம், விமானமே உதறுது

கம்ப்ரசர் ஸ்டால். முதல் தடவை கேக்குறப்ப ஏதோ வெடிச்சிடுச்சுன்னுதான் நினைப்பீங்க. கம்ப்ரசர் பிளேடு ஒவ்வொண்ணும் ஒரு குட்டி இறக்கை, இறக்கை மேல காத்து ஒட்டாம பிரிஞ்சா எப்படி ஸ்டால் ஆகுதோ அதே மாதிரி பிளேடு மேலயும் ஆகும், அப்போ பின்னால அழுத்தத்துல நிக்கிற காத்து முன்னாடி பாய்ஞ்சு வரும், அந்த சத்தம்தான் அது. சில நேரம் இன்டேக்லயே ஜ்வாலை தெரியும்.

எப்போ வரும்னு பாருங்க: உயரத்துல, வேகம் கம்மியா, மூக்கைத் தூக்கி வெச்சிருக்கிறப்ப, அதே நேரத்துல த்ராட்டிலை படார்னு தள்ளினா. இது எல்லாம் சேர்ந்து வர்ற இடம் ஏரோபாட்டிக்ஸ்ல மேல ஏறி வேகம் செத்துப்போன அந்த உச்சி. எஞ்சின் வகையும் முக்கியம். ஜே69 மாதிரி காத்தை வட்டமா வீசி அழுத்துற சென்ட்ரிஃப்யூகல் கம்ப்ரசர் இதையெல்லாம் நல்லா தாங்கும். ஜே85ல எட்டு வரிசை பிளேடு, முழு வேகத்துல நிமிஷத்துக்கு 16,500 சுத்து, சின்ன எஞ்சினுக்கு நிறைய தள்ளல், ஆனா இன்டேக்ல வர்ற காத்து கலங்கினா சீக்கிரம் கோவிச்சுக்கும்.

ஒரே ஒரு தடவை டம்முனுட்டு தானா சரியாயிடுச்சுன்னா அது சின்ன ஸ்டால். மோசமானது விடாம உட்கார்ந்துக்கிற ஸ்டால்: சத்தம் கூட பெருசா இருக்காது, ஆர்பிஎம் இறங்கி எங்கயோ நிக்கும், ஈஜிடி ஏறும், த்ராட்டிலை எங்க நகர்த்தினாலும் எஞ்சின் கண்டுக்காது. ரெண்டுக்கும் முதல் கை ஒண்ணுதான், த்ராட்டிலை நிதானமா பின்னாடி இழுங்க, மூக்கை இறக்குங்க, வேகம் வரட்டும், இன்டேக்குக்கு நேர் காத்து கிடைக்கட்டும். ஸ்டால் விட்டுச்சுன்னா ஈஜிடி இறங்கும், அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா தள்ளிப் பாருங்க. ஐடில்லயும் ஈஜிடி ஏறிக்கிட்டே போகுதுன்னா அந்த எஞ்சினை அணைச்சுட்டு ரீலைட் பண்றதுதான், அதாவது பறக்கிறப்பவே திரும்ப பத்த வைக்கிறதுதான் வழி, ஓட விட்டா டர்பைன் உருகும், அப்புறம் ரீலைட் பண்ண ஒண்ணும் மிஞ்சாது.

நேர்கோட்டுல சும்மா போயிட்டிருக்கிறப்ப காரணமே இல்லாம ஸ்டால் வந்தா அது உங்க கை பண்ணதில்ல, பறவையோ பனியோ உடைஞ்ச பிளேடோ காத்தை வெளிய விடுற ப்ளீட் வால்வு மூடினபடி மாட்டிக்கிட்டதோ. அப்போ சரியாயிட்டாலும் நம்பாதீங்க, பக்கத்துல இருக்கிற ரன்வேக்கு போயிடுங்க.

சத்தமே இல்ல

ஃப்ளேம் அவுட்ல பயமுறுத்துறது இந்த அமைதிதான். ஈஜிடி விழும், ஆர்பிஎம் விழும், கொஞ்ச நேரத்துல ஜெனரேட்டர் லைட் எரியும். ஸ்டாலோட இதைக் குழப்பிக்காதீங்க, ஸ்டால்ல ஈஜிடி ஏறும், இதுல இறங்கும், செய்ய வேண்டியதும் வேற.

காரணத்துல முதல் இடம் எரிபொருள். டாங்க் மாத்தாம விட்டது, பூஸ்ட் பம்ப் ஆஃப்ல இருந்தது, அல்லது தலைகீழா பறக்கிறதுக்கு குடுத்திருக்கிற செகண்டைத் தாண்டிட்டது. தலைகீழா போறப்ப எரிபொருள் டாங்க் மேல் பக்கத்துக்கு போயிடும், உள்ள ஒரு சின்ன சேமிப்பு மட்டும் எஞ்சினுக்கு ஊட்டிக்கிட்டிருக்கும், அது தீர்ந்தா தீர்ந்ததுதான். திரும்ப நேரான பிறகும் அந்த சேமிப்பு நிரம்ப நேரம் வேணும், உடனே ரெண்டாவது தடவை தலைகீழா போனா முதல் தடவை ஓடின நேரம் கிடைக்காது. இதை மறந்து மாட்டிக்கிறவங்க ஏரோபாட்டிக்ஸ்ல நல்லா கை வந்தவங்கதான்.

ரீலைட்டுக்கு வேண்டியது மூணு: வேகம், உயரம், தீப்பொறி. வேகம் இருந்தாதான் காத்து கம்ப்ரசரை சுத்தும், உயரம் ரொம்ப அதிகமா இருந்தா காத்து லேசா இருந்து பிடிக்காது. அதனால உயரத்துல அணைஞ்சா மேனுவல்ல போட்டிருக்கிற ரீலைட் எல்லைக்குள்ள இறங்கி வந்து பண்ணுங்க, அங்கயே நின்னு பட்டனை அமுக்கிட்டிருந்தா பேட்டரிதான் தீரும். தீப்பொறிக்கு கரன்ட் வேணும், ஜெனரேட்டர் போயிடுச்சு, பேட்டரி மட்டும்தான் இருக்கு, வேண்டாத சுவிட்சை எல்லாம் அணைங்க. ஆர்பிஎம் முழுசா விழறதுக்கு முன்னாடி உடனே இக்னிஷன் போட்டா புடிச்சுக்கிற வாய்ப்பு அதிகம், எஞ்சின் இன்னும் சூடா இருக்கு, வேகமா சுத்திட்டிருக்கு.

ஒத்தை எஞ்சின் ட்ரெய்னர்ல ஒரு கணக்கை தரையிலயே போட்டு வெச்சுக்கோங்க, எந்த உயரத்துக்கு கீழ ரீலைட் முயற்சியை விட்டுட்டு எஜெக்ட் பண்றதுன்னு, அதாவது சீட்டோட வெளிய பாய்ஞ்சுடறதுன்னு. மேல போன பிறகு அந்தக் கணக்கு போட முடியாது, இன்னும் ஒரே ஒரு தடவைன்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கும். 1964 அக்டோபர் 31, அமெரிக்க விண்வெளி வீரர் தியடோர் ஃப்ரீமேன் டி-38ல எல்லிங்டன் விமானப்படைத் தளத்துக்கு இறங்க வந்தப்ப ஒரு வாத்து காக்பிட் கண்ணாடில மோதுச்சு, உடைஞ்ச துண்டுங்க எஞ்சினுக்குள்ள போயி ரெண்டும் அணைஞ்சிடுச்சு, அவர் எஜெக்ட் பண்ணப்ப பாராசூட் விரிய உயரம் இல்ல. ரெண்டு எஞ்சின் இருக்கேன்னு கணக்கு போடாம விட முடியாதுன்னு எனக்கு உறைச்சது இதைப் படிச்சப்பதான், ரெண்டு இன்டேக்கும் காக்பிட்டுக்கு பின்னால ரெண்டு பக்கமும்தானே இருக்கு.

ஆயில் ப்ரெஷர் ஆடுது

தலைகீழாவோ, ஜி இல்லாமலோ இருக்கிறப்ப கொஞ்ச நேரம் விழறது நிறைய ட்ரெய்னர்ல அனுமதிச்சதுதான், நேரானதும் திரும்ப வந்துடும், எத்தன செகண்ட்ங்கிறது மேனுவல்ல. வரலைன்னாதான் விஷயம். த்ராட்டிலை ஒரு நடுத்தர இடத்துல வெச்சு அதுக்கப்புறம் முடிஞ்ச வரை தொடாதீங்க, ஆயில் இல்லாத பேரிங் ஒரே வேகத்துல ஓடுறப்ப கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஏத்தி இறக்கினா சீக்கிரம் இறுகிடும். ரெண்டு எஞ்சின் இருந்தா மேனுவல் சொல்றபடி அதை ஐடில்ல வைக்கிறதோ அணைக்கிறதோ.

கேஜ் பொய் சொல்லுதான்னு ஒரு சின்ன சோதனை: நிறைய விமானத்துல ஆயில் ப்ரெஷர் கேஜுக்கு ஏசி கரன்ட் வேணும். அதே நேரத்துல அதே கரன்ட்ல ஓடுற வேற கேஜும் செத்திருந்தா ஆயில் நல்லாவே இருக்கும், கரன்ட்தான் போயிருக்கும். ஆனா ப்ரெஷர் கம்மியோட அதிர்வும் சேர்ந்து வந்தா அது பொய் இல்ல.

குளிர்ல ஸ்டார்ட் பண்ணப்ப ப்ரெஷர் அதிகமா காட்டினா ஆயில் கெட்டியா இருக்கு, ஐடில்ல சூடாக விடுங்க, இறங்கிடும்.

ஃபயர் லைட்

த்ராட்டிலை இழுத்தா லைட் அணையுதான்னு பாருங்க, அணைஞ்சா சூடான காத்து எங்கயோ கசியுதுன்னு ஒரு யூகம் வரும். ஆனா அணைஞ்ச உடனே டெஸ்ட் பட்டனை அமுக்கி சர்க்யூட் உயிரோட இருக்கான்னு பார்க்கணும், நெருப்பே வயரைத் தின்னுட்டாலும் லைட் அணையும். மத்த சாட்சியையும் தேடுங்க, ஈஜிடி, புகை, லேசா திரும்பி பின்னால வால் மாதிரி ஏதாவது நீளுதா, பக்கத்துல பறக்கிறவர் என்ன சொல்றார். ரெண்டு எஞ்சின் விமானத்துல எந்தப் பக்கம்னு வாய்விட்டு சொல்லி, அந்த த்ராட்டிலை மட்டும் தொட்டு, ஒரு மூச்சு விட்டுட்டு மூடுங்க. நல்ல எஞ்சினை அணைச்சு எரியுறதை ஓட விட்டவங்க உலகம் முழுக்க உண்டு, அவங்க யாரும் முட்டாள் இல்ல, அவசரப்பட்டவங்க.

ஆஃப்டர்பர்னர் புடிக்கல

ஆஃப்டர்பர்னர்னா டர்பைனுக்குப் பின்னால இன்னும் எரிபொருள் ஊத்தி எரிச்சு தள்ளலைக் கூட்டுறது, இது டி-38 மாதிரி விமானம் ஓட்டுறவங்களுக்கு மட்டும். பின்னால விரிஞ்சு சுருங்குற புகை வாய், அதான் நாசில், விரிஞ்சிருக்கு, ஈஜிடி கம்மி, தள்ளல் போச்சுன்னா பர்னர் எரியாமலே நாசில் திறந்துக்கிச்சு, த்ராட்டிலை மில் பவருக்கு, அதான் பர்னர் இல்லாத முழு பவருக்கு, இழுங்க, நாசில் மூடி ஈஜிடி 630லேர்ந்து 645க்குள்ள வந்தா எஞ்சின் நல்லாருக்கு. மில்லுக்கு வந்தும் நாசில் திறந்தே இருந்தா அந்தப் பக்கம் தள்ளல் ரொம்ப குறைவுன்னு வெச்சு இறங்குறதுக்கு ரன்வேயைச் சுத்தி வர்ற பேட்டர்னை பெருசா போடுங்க. நாசில் மூடினபடி மாட்டிக்கிச்சுன்னா நேர் எதிர், ஈஜிடி ஏறும், த்ராட்டிலாலதான் அதைக் கட்டுப்படுத்தணும்.

இறங்கின பிறகு

ஃபார்ம்ல எஞ்சின் சரியா ஓடலைன்னு ஒத்தை வரி எழுதிட்டு போயிடாதீங்க, அதை வெச்சு எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, தரையில ஓட்டிப் பார்த்தா நல்லாதான் ஓடும், நாங்களும் கோளாறு தெரியலைன்னு எழுதி திருப்பி அனுப்புவோம், அடுத்த ஆளுக்கு அதே கோளாறு வரும். உயரம், வேகம், த்ராட்டில் எங்க இருந்துச்சு, அப்போ நகர்த்திட்டிருந்தீங்களா இல்லையா, ஆர்பிஎம் ஈஜிடி எந்தப் பக்கம் போச்சு, உச்சம் எவ்வளவு, எத்தன செகண்ட், தானா சரியாச்சா நீங்க பண்ணீங்களா. கூடவே முட்டிப்பட்டைல, அதான் தொடைல கட்டி எழுதுற பலகைல, இருந்த பேனா, பேப்பர், க்ளவுஸ் எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பார்த்து, ஏதாவது காணோம்னா அதையும் எழுதுங்க, இன்டேக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கிறப்ப என்ன தேடணும்னு எங்களுக்குத் தெரியும்.